லிஸ் ஃபேருக்குப் போட்ட பூஜ்யம்

அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன். தன் பெயரையே ஆல்பத்துக்கும் வைத்தாரே, பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணைய இதழ் பத்துக்கு 0.0 போட்டதே, அதுதான். அந்தப் பூஜ்யத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

யாருக்குப் போட்டார்கள்? 1991-இல் தன் அறையில் உட்கார்ந்து நாலு டிராக் ரெக்கார்டரில் பாடிப் பதிந்து, ‘கேர்லி சவுண்ட்’ என்று கேசட் விட்டவருக்கு. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1993-இல் மேட்டடோர் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸைல் இன் கைவில்’. சிகாகோவில் பெரிய நிறுவனங்களைச் சாராமல் இயங்கிய ‘இண்டி’ இசை வட்டத்து ஆண்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பெண், 18 பாட்டில் எதையும் மறைக்காமல் போட்டு உடைத்தார். வில்லேஜ் வாய்ஸ் என்ற நியூயார்க் வாரப் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அந்த வருடம் அதற்குத்தான் முதலிடம்.

பத்து வருடம் கழித்து, 36 வயதில், விவாகரத்துக்குப் பிறகு, கேபிட்டல் என்ற பெரிய நிறுவனத்தில் இந்த ஆல்பம் வந்தது. பாப் பாடகி அவ்ரில் லவீனுக்கு ‘காம்ப்ளிகேட்டட்’ என்ற ஹிட் பாட்டைச் செய்து கொடுத்த தி மேட்ரிக்ஸ் என்ற தயாரிப்பாளர் குழுவோடு சேர்ந்து சில பாட்டுகள் செய்தார். 14-இல் வெறும் 4. அதற்குத்தான் அத்தனை வசை. ரேடியோவில் வர ஆசைப்பட்டது குற்றமாகிவிட்டது.

குறையே இல்லாத ஆல்பம் என்று நான் சொல்லவில்லை. தி மேட்ரிக்ஸோடு செய்த ‘ராக் மீ’ எனக்கும் பிடிக்காது. பேசுகிற மாதிரியே பாடும் அவர் குரலை அந்த பாப் பளபளப்பு வழித்து எடுத்துவிட்டது. சுமார் என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் பூஜ்யம் என்றால் ஒன்றுகூடத் தேறாது என்று அர்த்தம். அப்போ ‘லிட்டில் டிகர்’? அம்மாவோடு வேறொரு ஆணைப் பார்த்துவிட்ட சின்னப் பையன், அவனுடைய பொம்மை லாரிகள், அவனுக்கு என்ன சொல்வதென்று தவிக்கும் அம்மா. ‘கைவில்’ எழுதியவரைத் தவிர வேறு யார் இதை இவ்வளவு நேராக எழுதியிருப்பார்கள்? துரோகம் செய்துவிட்டார் என்று முதலிலேயே முடிவுகட்டியவர்கள் காதில் இது விழவே இல்லை.

அந்தப் பூஜ்ய விமர்சனத்தை எழுதிய மேட் லமே 2019-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது நேர்மையான காரியம், மதிக்கிறேன். 2021-இல் பிட்ச்ஃபோர்க் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது இது 6.0 ஆனது. பதினெட்டு வருடம் கழித்து! ஆல்பம் வந்த மாதத்தில் அந்த 6.0 வந்திருந்தால் எத்தனை பேர் தாங்களே கேட்டு முடிவு செய்திருப்பார்கள்.

இதுவரை கேட்காதவர்கள் ‘லிட்டில் டிகர்’இல் ஆரம்பியுங்கள். ‘ராக் மீ’யைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.