கிரிங்கோவும் பச்சைச் சட்டையும்

லத்தீன் அமெரிக்காவில் அந்நியரைக் ‘கிரிங்கோ’ என்பார்கள். அந்தச் சொல் பிறந்த கதை என்று ஒருவர் போட்ட பதிவின் கீழே நேற்று நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நான் சொன்னது ஒன்றே ஒன்று: ‘கிரிங்கோ’ என்ற சொல் ‘கிரீன், கோ’ என்பதிலிருந்து வரவில்லை. அதற்கு ‘வந்துட்டாருய்யா மொழிஞாயிறு’ என்று பட்டம் கட்டி, நாற்பது பேர் ஹாஹா போட்டுவிட்டுப் போனார்கள்.

1846-ல் மெக்சிகோவுக்குள் புகுந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பச்சைச் சட்டை போட்டிருந்தார்களாம், மக்கள் ‘கிரீன், கோ!’ என்று விரட்டினார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படையின் சீருடை நீலம். சரி, அதைக்கூட விடுங்கள், ஊருக்குள் பீரங்கி வரும்போது ஸ்பானிஷ் பேசுகிறவன் ஆங்கிலத்தில் சொல் பொறுக்கியா திட்டுவான்?

எஸ்தெபான் தெ தெர்ரெரோஸ் என்ற பாதிரியாரின் அகராதி 1780களில் அச்சானது. ஸ்பானிஷைத் தடுமாறிப் பேசும் அந்நியரை ஸ்பெயினின் மலாகாவில் கிரிங்கோ என்பார்கள், மாட்ரிட்டில் குறிப்பாக அயர்லாந்துக்காரரை அப்படிச் சொல்வார்கள் என்று அதில் இருக்கிறது. மனிதர் செத்ததே 1782-ல். அறுபத்து சொச்சம் வருடம் கழித்து நடக்கப்போகிற சண்டையிலிருந்து அவர் எப்படிச் சொல் எடுத்தார், யாராவது சொல்லுங்கள். ஸ்பானிஷில் ‘கிரியேகோ’ என்றால் கிரேக்கம். புரியாத பேச்சை ‘கிரேக்கம்’ என்பது அங்கே பழைய வழக்கு, அது திரிந்ததுதான் இது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் பேச்சிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இருக்கட்டும், எப்படிப் பார்த்தாலும் பச்சை இல்லை.

‘மெக்சிகோக்காரர்களே இந்தக் கதையைச் சொல்கிறார்களே’ என்றார் ஒருவர். சொல்லட்டுமே! திண்ணையில் தாத்தா சொன்னதெல்லாம் சரித்திரமாகிவிடுமா? ‘ஒரு சொல்லுக்கு இவ்வளவு அலட்டலா’ என்றார் இன்னொருவர். அதுதான் தைத்தது.

நான் இதை அகராதியில் மட்டும் பார்த்தவன் இல்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒன்றரை வருடம் என் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் என்னைக் கிரிங்கோ என்றுதான் கூப்பிட்டார். மெக்சிகோவில் அது பெரும்பாலும் அமெரிக்கருக்கான சொல், அர்ஜென்டினாவில் குடியேறிய இத்தாலியர்களைச் சொன்னார்கள், பிரேசிலிலோ வெளிநாட்டுக்காரன் எவனும் கிரிங்கோதான். எனக்கு அது தெரியாது. இந்த நிறத்தை வைத்துக்கொண்டு நானா வெள்ளைக்காரன் என்று ஒருநாள் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்தபடி காபியை நீட்டி, நீ ரொட்டி கேட்கிற அழகு அப்படி என்றார். அங்கே பேசும் போர்த்துகீசியத்தில் ரொட்டிக்கான சொல்லில் உள்ள மூக்கொலி எனக்கு வரவே வராது. அது இல்லாமல் சொன்னால் கட்டை என்று அர்த்தமாம். தினமும் காலையில் கடைக்குப் போய் இரண்டு கட்டை கேட்டிருக்கிறேன்! (அதற்குக் கெட்ட அர்த்தமும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.)

வாய் திறந்தாலே அந்நியன் என்று தெரிந்துவிடுமே என்று கடைவாசலில் தயங்கி நின்றிருக்கிறீர்களா? அந்தச் சொல்லுக்குள் இருப்பது அந்தக் கூச்சம்தான். அதை எடுத்துப் பச்சைச் சட்டை ஜோக் ஆக்கினால் எனக்குக் கோபம் வரும். வரட்டுமே, என்ன இப்போது?

ஹாஹா போட்ட நாற்பது பேரில் ஒருவர், அந்த ஒன்றரை வருடமும் ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் போட்டுத் தமிழில் பேசியவர். அவர் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.