சாவியைப் பிடுங்குவதற்கு முன்

அப்பாவுக்கு 74 வயது. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போடியிலிருந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போடிமெட்டு, அப்புறம் கேரளம். பூப்பாறைப் பக்கம்தான் எங்கள் ஏலத்தோட்டம். சென்ற மாதம் வண்டியின் இடப்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். "பனிமூட்டம்" என்றார். அன்று மலையில் நல்ல வெயில் என்று காய் ஏற்றி வந்தவர்கள் சொன்னார்கள்.

சாவியைப் பிடுங்கிவிடு என்கிறான் தம்பி. சென்னையிலிருந்து சொல்வது சுலபம். தோட்டத்துக்கு யார் போவது? பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே மண் பாதை, ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது.

அனுபவத்தில் அப்பாவுக்குக் குறையில்லை. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியை மதித்து இன்றும் ஒதுங்கி நிற்பவர் அவர். விடுமுறை நாட்களில் பிரேக் புகைய இறங்கும் இளவட்டங்களைவிட அவரை நம்பலாம். ஆனால் கண்ணுக்கு அனுபவம் தெரியாதே. கண்புரை இருந்தால் எதிரே வரும் விளக்கொளி சிதறிப் பரவும். கழுத்தும் முன்போல் திரும்புவதில்லை.

நம் சட்டத்தில் சொந்த வண்டி ஓட்ட வயது உச்சவரம்பு கிடையாது. 55 கடந்தால் உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 40 தாண்டியவர் மருத்துவச் சான்றிதழும் தர வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவின் சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவரோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜப்பானில் 75 வயதானவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனையே நடக்கிறது.

பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று நம் விண்ணப்பப் படிவம் கேட்கிறது. திண்ணையிலிருந்து நானே சோதித்தேன். எதிர்வீட்டு வேனின் எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தார். அது அவருக்கு மனப்பாடம். அடுத்து நின்ற காருக்கு, "கேரள வண்டி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வயதை மட்டும் வைத்து உரிமத்தைப் பறிப்பது அநியாயம். சோதனையை உண்மையாக நடத்தட்டும். தேவைப்பட்டால் இரவில் ஓட்டாதே, மலைப்பாதையில் ஆள் ஏற்றாதே என்று உரிமத்திலேயே எழுதட்டும். திரும்பும்போது வேலைக்கு வந்த பெண்கள் நான்கைந்து பேரை ஏற்றிக்கொள்வது அப்பாவின் வழக்கம். தன் உயிரைப் பற்றி அவர் என்ன முடிவும் எடுக்கலாம். அவர்கள் உயிரைப் பற்றி அல்ல.

பங்குனியில் அவர் உரிமம் முடிகிறது. அதற்குள் மதுரைக்கு அழைத்துப் போய்க் கண்ணைச் சோதிக்க நாள் வாங்கிவிட்டேன், 48 வயதான எனக்கும் சேர்த்து. எனக்கு மட்டும்தான் சோதனை, துணைக்கு வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.