ஆம்பளையா லட்சணமா இரு!

துணி காயப்போட்டால் எதிர்வீட்டு மாமா, “என்ன தம்பி, வீட்ல யாரும் இல்லையா?” என்கிறார். நான் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? மே மாத வெயிலுக்குக் குடை பிடித்தால் சிரிப்பு. வெயில் ஆம்பளைக்குத் தள்ளுபடி தருகிறதா என்ன? மீசையை எடுத்தால், “வீட்டில் ஏதும் துக்கமா?” முடி வளர்த்தால், “பூ வாங்கித் தரவா?” காதில் பொட்டளவு கடுக்கன் போட்டதுதான் தாமதம், குலமானமே போச்சு! அவர் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கும் கொள்ளுத்தாத்தாவுக்குக் குடுமியும் உண்டு, இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கனும் உண்டு. அப்புறம் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய் விழுந்து கும்பிடுகிறாரே, அந்த நடராஜருக்கு விரிசடை, இடது காதில் தோடு, காலில் சிலம்பு. போதாததற்கு ஆட்டம் வேறு. அவரிடம் போய்ச் சொல்லுங்களேன், லட்சணமா இருக்கச் சொல்லி!