இலைப் பருவத்தில் கழிக்கலாம், காய்க்கக் காத்திருக்கத்தான் வேண்டும்
மரபணுத்தொகுதி, அதாவது ஆப்பிளின் முழு டிஎன்ஏ வரிசை, கையில் இருந்தால் புது ஆப்பிள் ரகம் நான்கைந்து ஆண்டில் வந்துவிடும் என்று நான் படித்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்பிளின் மரபணுத்தொகுதி 2010-லேயே வெளியாகிவிட்டது. ஆனாலும் 1997-ல் கலப்பு செய்த காஸ்மிக் கிரிஸ்ப் என்ற ஆப்பிள் ரகம் கடைக்கு வந்தது 2019-ல்தான். விதையிலிருந்து வளரும் ஆப்பிள் காய்க்கவே பல ஆண்டு ஆகும், மார்க்கர் சோதனை (கன்றின் டிஎன்ஏவில் வேண்டிய மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) அதைக் குறைப்பதில்லை. பூஞ்சையால் வரும் சொறி நோயைத் தாங்காத கன்றுகளை அந்தச் சோதனையால் இலைப் பருவத்திலேயே கழித்துவிடலாம், இடமும் உழைப்பும் மிச்சம். சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பினால்? காட்டு ஆப்பிளிலிருந்து கொண்டுவந்த ஆர்விஐ6 என்ற சொறி நோய் எதிர்ப்பு மரபணுவையே அந்தப் பூஞ்சையின் புது வகைகள் மீறிவிட்டன. இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே மரத்தில் சேர்க்கத்தான் மார்க்கர் உண்மையிலேயே தேவை. நோய் வராத கன்றில் எத்தனை மரபணு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே. கட்டுரை இதைத் தொடவே இல்லை.