மருத்துவர்களே, பிஎஃப் பாஸ்புக்கில் அந்த 1,250 ரூபாயைப் பாருங்கள்

தனியார் மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மருத்துவர்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதில் பென்ஷன் பங்களிப்பு என்று தனியாக ஒரு காலம் (நெடுவரிசை) இருக்கிறது. மாதம் 1,250 ஏறியிருக்கும், இல்லை பூஜ்யமாக இருக்கும். லட்சத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இது பெரிய காசாகத் தெரியாது. ஆனால் பிஎஃப் கணக்கு மாற்றல், கடைசி செட்டில்மென்ட், குடும்ப ஓய்வூதியம் எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 58 வயதில் உட்கார்ந்து சரிபார்க்கும் விஷயமல்ல இது. வேலையில் இருக்கும்போதே, சம்பளக் கணக்கு போடும் ஆள் அதே நாற்காலியில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது.

முதலில் நீங்கள் சம்பளக்காரர்தானா என்று பாருங்கள். மருத்துவமனை உங்களுக்கு ஃபார்ம் 16 கொடுத்தால் நீங்கள் ஊழியர். ஃபார்ம் 16ஏ கொடுத்தால் தொழில்முறைக் கட்டணம் வாங்கும் கன்சல்டன்ட். அந்த ஏற்பாட்டில் பிஎஃப் கட்டியிருக்க மாட்டார்கள். டியூட்டி டாக்டராகச் சேர்ந்து நடுவில் கன்சல்டன்டாக மாற்றப்பட்டவர்களுக்குப் பதிவு அந்த மாதத்தோடு நின்றிருக்கும். அதை விடுபட்ட மாதங்கள் என்று நினைத்துக்கொண்டு அலைய வேண்டாம். வேலையும் மேலதிகாரியும் ரோஸ்டரும் மாறாமல் பெயர் மட்டும் மாற்றப்பட்டதென்றால் அது வேறு வழக்கு, வேறு சண்டை.

இனி கணக்கு. பேசிக்கும் டிஏவும் சேர்த்து 60,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், 7,200. மருத்துவமனையும் 7,200 போடுகிறது. நீங்கள் இபிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால், மருத்துவமனையின் 7,200-இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போகும், மிச்சம் 5,950 பிஎஃபில் நிற்கும். 1,250 எங்கிருந்து வந்தது? 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33 சதவீதம். திட்டத்தில் இல்லையென்றால் 7,200 முழுவதும் பிஎஃப், பென்ஷன் காலத்தில் பூஜ்யம். 15,000-க்கு மட்டும் பிஎஃப் கட்டும் மருத்துவமனைகளில் இதே கணக்கு 1,800, 550, 1,250 என்று வரும். எப்படி இருந்தாலும் கடைசி இரண்டு காலங்களையும் கூட்டினால் மருத்துவமனையின் முழுப் பங்கு வரவேண்டும். வராவிட்டால் அந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். 2014 ஆகஸ்ட் வரை உச்சவரம்பு 6,500 என்பதால் அப்போதைய எண் 541. நடுவில் ஏதாவது ஒரு மாதம் 833, 625 என்று தெரிந்தால், அந்த மாதம் சம்பளமில்லா விடுப்பு இருந்ததா, பாதி மாதத்தில் சேர்ந்தீர்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இசிஆரில், அதாவது மருத்துவமனை மாதாமாதம் ஏற்றும் பிஎஃப் கணக்கில், இபிஎஸ் சம்பளத்தைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். (அதிக ஓய்வூதியத்துக்கு 2023 ஜூலை 11-க்குள் கூட்டு விருப்பம் கொடுத்தவர்களின் கணக்கு தனி. இந்தப் பதிவு அவர்களுக்கு இல்லை.)

யாருக்கு 1,250, யாருக்கு பூஜ்யம் என்பதைத் தீர்மானிக்கும் தேதி 1.9.2014. அன்றைக்கோ அதற்குப் பிறகோ முதன்முறையாக பிஎஃபில் சேர்ந்து, சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் என்றால், இபிஎஸ் கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பே இபிஎஸ் உறுப்பினராக இருந்து, அதை ஃபார்ம் 10சி விண்ணப்பம் போட்டுப் பணமாக எடுக்காதவர் என்றால், சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், எத்தனை மருத்துவமனை மாறினாலும் இபிஎஸ் தொடரவேண்டும். விதி இவ்வளவுதான். இதை நடைமுறைப்படுத்துகிற தாள் ஃபார்ம் 11. சேரும் நாளில் முப்பது தாள்களோடு தாளாக நீட்டப்பட்டு, படிக்காமல் கையெழுத்தாகிற தாள் அது. முன்பு இபிஎஸ் உறுப்பினராக இருந்தீர்களா என்ற கேள்வி அதில் இருக்கிறது.

தவறு இரண்டு திசையிலும் நடக்கிறது. எம்பிபிஎஸ், எம்டி முடித்து 2016-இல் முதல் வேலைக்கு வருகிறார் ஒருவர். பேசிக் 50,000. சம்பள மென்பொருளில் எல்லா ஊழியருக்கும் ஒரே அச்சு. செவிலியருக்குப் போவதுபோல் இவருக்கும் 1,250 பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பத்து வருஷத்தில் 1,50,000 ரூபாய் தப்பான கணக்கில், பிஎஃப் வட்டி சேராமல் கிடக்கிறது. வேலை மாறி, கணக்கை மாற்றவோ பணத்தை எடுக்கவோ விண்ணப்பிக்கும்போதுதான் தகுதியில்லாத உறுப்பினர் என்ற ஆட்சேபம் வரும். பிஎஃப் கட்டும் சம்பளத்தை 15,000 என்று காட்டியிருந்தாலும் இசிஆரில் மொத்தச் சம்பளத்துக்குத் தனிக் காலம் உண்டு, உண்மை அங்கே எழுதியிருக்கிறது.

எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசம். 2011-இல் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிஎஃப் ஆரம்பித்தவர் 2019-இல் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். ஃபார்ம் 11-இல் பழைய உறுப்பினர் என்று எழுதவில்லை, அல்லது எழுதியும் யாரும் கவனிக்கவில்லை. சம்பளம் அதிகம், ஆகவே இபிஎஸ் இல்லை என்று முழுப் பணத்தையும் பிஎஃபில் போட்டுவிடுகிறார்கள். பணம் போகவில்லை, சர்வீஸ் போகிறது. ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கில் அது எட்டோடு நின்றுபோகும். அதைவிட முக்கியமானது ஒன்று: வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே துணைவருக்கு ஓய்வூதியம் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை அதில் தலா 25 சதவீதம் உண்டு. சேர்க்கப்படவேண்டியவரைச் சேர்க்காமல் விட்டால் அந்தக் குடும்பம் இழப்பு நடந்த பிறகு அலுவலகப் படியேறி வாதாட வேண்டியிருக்கும். ஒரு கிளார்க்கின் டிக் அடையாளத்தில் இவ்வளவும் தொங்குவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசுப் பணியில் ஓய்வுபெற்று 60 வயதுக்குமேல் தனியார் மருத்துவமனையில் சேர்பவர்கள். 58 முடிந்தால் இபிஎஸுக்குப் பங்களிப்பு கட்டக்கூடாது, மருத்துவமனையின் பங்கு முழுவதும் பிஎஃபுக்குப் போகவேண்டும். பிறந்த தேதியைப் பார்த்துத் தானாக நிறுத்தும் வசதி இல்லாத மென்பொருளில் 62 வயதுக்காரருக்கும் 1,250 போய்க்கொண்டே இருக்கும். அதே மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்து 58-ஐத் தாண்டுபவருக்கும் இதுவே.

பணத்தைவிடத் தேதிகளை நம்புகிற திட்டம் இது. கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் ஓய்வூதியம். உங்கள் பெயரில் எவ்வளவு கட்டப்பட்டது என்பது சூத்திரத்திலேயே இல்லை. அதனால் பிஎஃப் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, ஒவ்வொரு மெம்பர் ஐடிக்கும் (மருத்துவமனைக்கு ஒன்றாக வரும் பிஎஃப் கணக்கு எண்) பிஎஃபில் சேர்ந்த தேதி, இபிஎஸில் சேர்ந்த தேதி, இரண்டிலிருந்தும் விலகிய தேதி நான்கையும் பாருங்கள். இபிஎஸ் இல்லாதவருக்கு அங்கே தேதி இருக்கக்கூடாது. விலகிய தேதி விடுபட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே ‘மார்க் எக்ஸிட்’ மூலம் ஏற்றலாம். பழைய மருத்துவமனையிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது என்சிபி நாட்கள், அதாவது பங்களிப்பு இல்லாத நாட்கள். சர்வீஸிலிருந்து இவை கழிக்கப்படும். ஃபெலோஷிப்புக்குச் சம்பளமில்லா விடுப்பில் போன ஆறு மாதம் இதில் வருவது நியாயம். ஆனால் இரவு டியூட்டி முடிந்த மறுநாள் ஓய்வை வருகைப்பதிவு மென்பொருள் ஆப்சென்டாக எடுத்து, அது அப்படியே இசிஆரில் ஏறினால், மாதம் நான்கு நாள் வீதம் பத்து வருஷத்தில் 480 நாள் போய்விடும். சம்பளம் முழுசாக வந்திருப்பதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. பாஸ்புக்கோடு நிற்காமல், வேலை மாறும்போது வரும் அனெக்ஷர் கே என்ற கணக்கு மாற்றல் தாளில் என்சிபி எண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்த பிறகு, பிஎஃப் தொகை வந்துவிட்டது, பென்ஷன் காலம் பூஜ்யமாக இருக்கிறது, பணம் காணோம் என்று பதறுகிறார்கள். காணாமல் போகவில்லை. இபிஎஸில் பணம் நகராது, சர்வீஸ்தான் நகரும். அனெக்ஷர் கே-யில் பழைய இபிஎஸ் தேதிகள் சரியாக இருந்தால் போதும்.

ஒரே சமயத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சம்பளம் வாங்கியவர்களுக்கு சர்வீஸ் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதைமட்டும் காரணம் காட்டி மாற்றல் விண்ணப்பத்தைத் திருப்பக்கூடாது என்று பிஎஃபை நடத்தும் அமைப்பான இபிஎஃப்ஓ 2025 மே மாதமே சொல்லிவிட்டது. திருப்பினால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆனால் பென்ஷன் கணக்கில் அந்த மாதங்கள் ஒருமுறைதான் எண்ணப்படும்.

பெயர்ச் சிக்கல் நம்மூர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால், பிஎஃபில் முன்னால், மருத்துவக் கவுன்சில் பதிவில் அப்பா பெயர் முழுசாக, மருத்துவமனைப் பதிவில் ‘டாக்டர்’ பெயரின் பகுதியாகவே. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களுக்கு இரட்டிப்பு வேலை. ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். யுஏஎன் (எத்தனை வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) 1.10.2017 அன்றோ பிறகோ வந்து ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை போர்ட்டலில் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய யுஏஎன் என்றால் நீங்களும் மருத்துவமனையும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு அறிவிப்பு, மருத்துவமனையின் ஒப்புதலோடு.

பென்ஷன் பங்களிப்பைத் திருத்துவது இப்படி ஆன்லைனில் நடக்காது. மருத்துவமனைதான் எழுதவேண்டும். நீங்கள் ஹெச்ஆருக்குக் கொடுக்கும் கடிதத்தோடு மாதவாரியாக ஒரு அட்டவணை வையுங்கள்: மாதம், பேசிக்கும் டிஏவும், கட்டியது மூன்று காலமாக, கட்டியிருக்க வேண்டியது மூன்று காலமாக, வித்தியாசம். நியமன ஆணை, ஃபார்ம் 11 நகல், முதல் மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்புக், முந்தைய சர்வீஸ் இருந்தால் அதன் சான்று. 2012 ஏப்ரலுக்கு முன் இசிஆர் இல்லை, அந்த ஆண்டுகளுக்கு ஃபார்ம் 3ஏ என்ற வருடாந்தரப் பங்களிப்புத் தாளைக் கேளுங்கள். மருத்துவமனை இதை முகப்புக் கடிதத்தோடு பிஎஃப் அலுவலகத்துக்கு அனுப்பும். தப்பாகப் போனது பத்தாம் எண் (ஓய்வூதியக்) கணக்கிலிருந்து ஒன்றாம் எண் (பிஎஃப்) கணக்குக்கு வட்டியோடு திரும்பும். விடுபட்டது எதிர்த்திசையில் போகும். பிஎஃபைத் தனி டிரஸ்ட் வைத்து நடத்தும் மருத்துவமனையிலும் இபிஎஸ் மட்டும் இபிஎஃப்ஓவிடம்தான் இருக்கிறது என்பதால் இரண்டு இடத்திலும் கடிதம் வேண்டும்.

எந்த அலுவலகம்? நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல. மெம்பர் ஐடியின் முதல் ஐந்து எழுத்துதான் சொல்லும்: சிபிசிபிஇ என்றால் கோவை, எம்டிஎம்டியு என்றால் மதுரை. கிளை மதுரையில் இருந்தாலும் மருத்துவமனையின் பிஎஃப் பதிவு எண் தலைமையகம் இருக்கும் ஊரில் இருக்கலாம். ஹெச்ஆர் ஒரு மாதத்தில் அசையாவிட்டால் இபிஎஃப்ஐஜிஎம்எஸ் தளத்தில் புகார் பதிந்து அதே அட்டவணையை இணையுங்கள். ‘என் பென்ஷன் தப்பாக இருக்கிறது’ என்று ஒற்றை வரியில் எழுதினால் ஒற்றை வரியில் பதில் வந்து மூடிவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி நடக்கும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாமுக்கு அச்சிட்ட தாள்களோடு நேரிலும் போகலாம். மூடப்பட்ட மருத்துவமனை என்றால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்கிய கூட்டு அறிவிப்பை அலுவலகத்திலேயே நேரில் கொடுக்கலாம்.

என் கருத்து வெளிப்படையானது: இது ஊழியர் தேடித் திரியவேண்டிய பிழை அல்ல. சேர்ந்த தேதி, சம்பளம், வயது மூன்றும் இபிஎஃப்ஓவின் கணினியிலேயே இருக்கின்றன. 2016-இல் முதல்முறை சேர்ந்த 50,000 சம்பளக்காரருக்கு 1,250 என்று இசிஆர் வரும் அன்றே அதைத் திருப்பியிருக்க வேண்டும். பத்து வருஷம் பணத்தை வாங்கிக்கொண்டு கடைசியில் உறுப்பினரைப் பார்த்து நீ தகுதியற்றவன் என்பது நியாயமில்லை. மருத்துவமனைகளும், சம்பளச் சீட்டில் பிஎஃப் என்று ஒரே எண்ணைப் போடாமல், பிஎஃப், பென்ஷன், என்சிபி நாள் மூன்றையும் பிரித்துப் போடவேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, மென்பொருளில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை, வேலை மாறப்போகிறவர்கள் ரிலீவிங் ஆர்டர் வாங்கும் நாளில் கையோடு கேட்டு வாங்கவேண்டியவை: உங்கள் ஃபார்ம் 11 நகல், உங்கள் பெயர் வரும் இசிஆர் வரிகள், என்சிபி நாட்களின் மொத்தம், விலகிய தேதி ஏற்றப்பட்ட திரையின் அச்சு. நோட்டீஸ் காலத்திலேயே கேட்டு வையுங்கள். கடைசி நாளில் கேட்டால் கணக்குப் பிரிவில் அன்றைக்கு ஆள் இருக்க மாட்டார்.