பாலத்துக்கு வைத்த பெயரும் பீரோவுக்குள் கிடக்கும் கேசட்டும்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு ஊர். இரும்புப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்திருந்த ஊர். அங்கே பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேல் இருக்கும் பாலத்துக்கு 2019-இல் ‘பிளாக் சப்பாத் பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். பிளாக் சப்பாத் அந்த ஊரில் பிறந்த ஹெவி மெட்டல் பேண்ட். அதே வருடம் நகர அருங்காட்சியகத்தில் அந்த பேண்டின் ஐம்பது வருட வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். 2023-இல் அந்த ஊர் பாலே நடனக் குழு அவர்களுடைய இசைக்கு மேடையில் ஆடியது. 1970-இல் முதல் ஆல்பம் வந்தபோது விமர்சகர்கள் கழுவி ஊற்றிய பேண்ட் அது. சொந்த ஊர் அவர்களை ‘எங்கள் பிள்ளைகள்’ என்று சொல்லிக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது. ஆனாலும் சொல்லிவிட்டது.

நம்ம மதுரைக்கும் பாடகர்களைக் கொண்டாடத் தெரியும். எம்.எஸ். பிறந்த ஊர் இது. சோமுவும் மணி ஐயரும் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். டி.எம்.எஸ்.ஸுக்கு 2023-இல் முனிச்சாலையில் சிலை வைத்தோம். சந்தோஷம். என் கவலை வேறு ஒரு கூட்டத்தைப் பற்றியது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இதே ஊரில் எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் என்கிற கனத்த, கரகரத்த ராக் இசையை வாசித்த பையன்கள் இருந்தார்கள். கல்லூரிக் கலைவிழா, சர்ச் ஹால், ரயில்வே காலனி மொட்டை மாடி, எங்கே பிளக் பாயிண்ட் கிடைத்ததோ அங்கே வாசித்தார்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் வாசித்ததற்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

எனக்குக் கிதார் சொல்லிக் கொடுத்த அண்ணன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். கல்லூரியில் ஒரு பேண்ட், அப்புறம் பெங்களூரு போய் ஒரு மெட்டல் பேண்டில் சில வருடங்கள். டிரம்மர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார், பாடகர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார், அண்ணனின் அப்பா படுத்துவிட்டார். பேண்ட் கலைந்த கதை அவ்வளவுதான். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. மதுரைக்குத் திரும்பி வந்தவர் இப்போது அரசரடிப் பக்கம் ஒரு மாடி அறையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பழுதான ஆம்ப்ளிஃபயர்களைச் சரி பார்க்கிறார். திருவிழா சீசனில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறார்.

“எப்படி வாசிச்ச மனுஷன், கடைசியில ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்துட்டாரே” என்று அவரைத் தெரிந்த பலர் என்னிடமே வருத்தப்பட்டிருக்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் இந்த வருத்தம் அவரை அவமானப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். பேண்டில் இருந்த சில வருடங்கள்தான் அவருடைய இசை, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிழைப்பு என்று நாமே கோடு கிழித்துவிடுகிறோம். நடு ராத்திரிக்கு மேல் ஊர்ச் சாவடி முன்னால் போட்ட மேடையில் அவர் வாசிப்பதைக் கிட்டே நின்று பாருங்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் பிரிட்ஜில் ஏறும் இடத்தில் லேசாகப் பதித்து, பிக்கை, அதாவது தந்தி மீட்டும் சின்னத் தகட்டை, மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். தந்தி முழுசாக ஒலிக்காமல் ‘தக் தக்’ என்று இறுகி விழும். மெட்டல்காரர்களின் அடிப்படைப் பாடமே அந்த அடிதான். குத்துப் பாட்டுக்குள் அதை அவர் கொண்டுவரும்போது ரிதம் பேட் வாசிக்கும் தம்பி தானாக நிமிர்ந்து உட்காருகிறான். கீழே ஆடுகிறவர்களுக்கு ஏன் கால் நிற்க மாட்டேன் என்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மெட்டல் என்பதே குறைபட்ட உடம்பிலிருந்து பிறந்த சத்தம் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பிளாக் சப்பாத்தின் கிதார்காரர் டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. மறுநாளிலிருந்து இசையோடுதான் வாழ்க்கை என்று முடிவு செய்திருந்தார். அன்றைக்கு மெஷினில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். இனி கிதார் கிடையாது என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். தீயில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்த ஜாஸ் கிதார்காரர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கனமான தந்தி வலித்தது, மெல்லிய தந்திக்கு மாறினார். 1971-இல் தந்தியின் இறுக்கத்தையே தளர்த்தினார். நம்ம சுருதிக் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையில் இருந்த கிதாரை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் எத்தனையோ பேண்டுகள் வந்தன.

அந்த மனிதர் 2025 ஜூலை 5 அன்று, எழுபத்தேழு வயதில், தன் ஊர் வில்லா பார்க் மைதானத்தில் பழைய கூட்டாளிகளோடு கடைசியாக ஒருமுறை நின்றார். பேண்டின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பார்க்கின்சன் என்ற நரம்பு நோயால் நிற்க முடியாமல் ஆசனத்தில் உட்கார்ந்தே பாடினார். அந்த மாதம் 22-ஆம் தேதி இறந்தும் போனார். நான் அந்த நிகழ்ச்சியைப் போனில்தான் பார்த்தேன். ஓஸியைவிட அதிகமாக என் கண் அயோமியின் விரல்களிலேயே இருந்தது.

ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் பேண்டின் கிதார்காரர் கிளென் டிப்டன் இன்னொரு உதாரணம். பார்க்கின்சன் இருப்பதை 2018-இல் வெளியே சொல்லி, முழு சுற்றுப்பயணத்திலிருந்து ஒதுங்கினார். ஆனாலும் முடிந்த ஊர்களில் நிகழ்ச்சியின் கடைசியில் மேடையேறி ஓரிரு பாட்டுக்கு நின்றார். கஷ்டமான பகுதிகளைப் பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவரால் முடிந்ததை அவர் வாசித்தார். அவருடைய பழைய கிதார் ஜோடி கே.கே. டவுனிங் 2011-இலேயே பேண்டை விட்டுப் போயிருந்தார், மனக்கசப்பும் இருந்தது. 2022-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த வீடியோவை அண்ணனுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

கிதார்காரர் ஜேசன் பெக்கரைப் பற்றி எழுதினால் எனக்குக் கை ஓடாது. இருபது வயதில் ராக் பாடகர் டேவிட் லீ ராத்தின் பேண்டில் சேர்ந்த கையோடு, தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிந்தது. கை போனது, கால் போனது, பேச்சு போனது. கண் அசைவை எழுத்தாகப் படிக்கும் ஒரு முறையை அவர் அப்பா உருவாக்கினார். அந்தக் கண்ணால் சுரம் சொல்லிச் சொல்லியே பல வருடங்கள் இசையமைத்தார். பேண்டுக்குப் பிறகான வாழ்க்கை என்று ஒருவர் பேச்செடுத்தால் முதலில் பேச வேண்டிய பெயர் அவருடையது.

அண்ணனுக்கு அவ்வளவு பெரிய கஷ்டம் இல்லை. வலது முழங்கையில் தீராத வலி இருக்கிறது. இடது காதில் ராத்திரியும் பகலும் ‘கீ’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டிரம்ஸின் கிராஷ் சிம்பலுக்குப் பக்கத்தில் காதில் ஒன்றும் வைக்காமல் நின்றதற்கு அவர் உடம்பு கொடுத்த விலை அது. உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது. அதனால் அவரிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இயர் பிளக் வாங்கச் சொல்லிவிடுகிறார். இதைப் படிக்கிற தம்பி தங்கைகளும் தயவு செய்து வாங்குங்கள். கிதாரின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

அவருடைய நினைவுகளில் நான் அதிகம் கேட்டு வாங்குவது பேண்டின் ஆரம்ப நாட்கள். கிதார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கக் காசு கிடையாது. டேப் ரெக்கார்டரின் மைக் ஓட்டையில் கிதார் வயரைச் செருகி, ரெக்கார்ட் பட்டனையும் பாஸ் (pause) பட்டனையும் சேர்த்து அழுத்தி, உள்ளே போகிற சத்தத்தை ஏற்றினால் அது தாங்காமல் கரகரக்கும். அந்தக் கரகரப்பை மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவார்கள். ஒரு கோயில் விழாவில் முதல் அடி விழுந்ததுமே மைக் செட்காரர், “டேய் நிறுத்துங்கடா, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு” என்று மேடைக்கு ஓடி வந்துவிட்டாராம். சத்தமே அப்படித்தான் என்று புரியவைக்க நேரம் பிடித்தது. கடைசியில் அவர், “சரி, ஸ்பீக்கருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா காசு உங்களுது” என்று சொல்லிவிட்டு, நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் மேடை ஓரத்திலேயே நின்று கேட்டாராம். பின்னாளில் வாடகை வாங்காமல் ஸ்பீக்கர் பாக்ஸ் கொடுத்தவரும் அவர்தான்.

தந்தி விஷயமும் அப்படித்தான். புதுசு வாங்க வழியில்லாதபோது தடித்த தந்திகளைக் கழற்றி, சுருட்டி, பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். சுற்றுக் கம்பிக்குள் ஏறிய வியர்வையும் அழுக்கும் கொஞ்சம் இறங்கும், சில நாளைக்குப் பழைய பளிச் சத்தம் வரும். அந்தப் பாத்திரத்தை அண்ணனின் அம்மா அப்புறம் அடுக்களைக்குள் சேர்க்கவே இல்லை.

மெட்டலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அண்ணன் ஒன்று செய்து காட்டுவார். மெட்டல் கிதாரின் அஸ்திவாரமே பவர் கார்டு. அதில் இரண்டே சுரம்தான்: ஸ, ப. சத்தத்தைக் கிழித்த பிறகு நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் குழம்பிப் போகும், அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ-ப-வை நீளமாக ஒலிக்கவிட்டு, “தம்புரா கேக்குதா?” என்பார். எனக்குக் கேட்கும். சர்ச்சில் கொயருக்கு வாசித்துப் பழகியவர், கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர், அந்தக் காதோடுதான் அயோமியைக் கேட்டார். வெள்ளைக்காரன் இசையைக் காப்பி அடித்தவர்கள் என்று இவர்களை ஒதுக்குகிறவர்கள் ஒருநாள் அந்த மாடி அறையில் வந்து உட்கார வேண்டும்.

2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் பேண்ட் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது, அண்ணன் மதுரையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போனார். சுற்றிலும் தன்னைவிட ரொம்ப இளைய பையன்கள். அவர் பார்க்கப் போனது அதன் கிதார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தை. 1990-இல் அந்த பேண்டை விட்டுப் போய், 1999-இல் திரும்பி வந்தவர். அவர் வந்ததற்காக நடுவில் சேர்ந்தவரை வெளியே அனுப்பாமல், அன்றிலிருந்து மூன்று கிதாரோடு வாசிக்கிறார்கள். “திரும்பி வந்தா இடம் இருக்குதுன்னு பாக்கணும்னு தோணுச்சுடா” என்று மட்டும் அண்ணன் சொன்னார். காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி நேரே வகுப்புக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி வேறு எந்த நாளும் நான் பார்த்ததில்லை.

இத்தனையும் வாய் வார்த்தையாகவே இருக்கிறது. அவருடைய பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட்டுகள். கல்லூரி மேடையில் பதிந்தது, ஒத்திகையில் பதிந்தது, மேலட்டையில் பேனாவில் எழுதிய தேதி பாதி அழிந்துவிட்டது. சிலவற்றில் டேப் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. காந்தப் பூச்சு உதிர்ந்தால் அதிலிருக்கும் வாசிப்பை எந்தக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. பர்மிங்ஹாமில் பாலத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் ஒரு டப்பாவைக் காப்பாற்றக்கூடாதா?

அதனால் நானும் சில நண்பர்களும் இவற்றை டிஜிட்டலுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். மதுரையிலோ சுற்று ஊர்களிலோ அந்தக் காலத்தில் பேண்டில் வாசித்தவர்கள், கூட நின்று வயர் பிடித்தவர்கள், மைக் செட் போட்டவர்கள், கலைவிழாவில் போட்டோ எடுத்தவர்கள் யாராக இருந்தாலும் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நோட்டீஸ், போட்டோ, நெகட்டிவ், கேசட் எதுவானாலும் பரவாயில்லை. வாசித்தவர் உங்கள் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, யார் யார் வாசித்தீர்கள், எந்த மேடை, எந்தக் கிதார் என்று கேளுங்கள். அவர் சொல்லிக்கொண்டு போகட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். பூஞ்சை இருந்தால் டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், ஹெட்டிலும் ஏறி அடுத்த கேசட்டைக் கெடுக்கும். வெயிலிலும் வைக்காதீர்கள். தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். நாலு மூலையிலும் திருகாணி உள்ள கேசட் என்றால் பிரித்துச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. ஒட்டு வைத்த கேசட் என்றால் கூட்டை உடைத்து, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கு நிதானமான கை வேண்டும். அண்ணன் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் அவர் சும்மாதான் இருப்பார்.