நீல பெல்ட்டுக்கே 16 வயது ஆகவேண்டும்
பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற மல்லுக்கட்டுக் கலையில் ஊட்டி, குன்னூர் பிள்ளைகள் கராத்தே போல மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு எழுதி நாலே வருஷத்தில் கறுப்பு பெல்ட் வாங்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது இந்தக் கலைக்குப் பொருந்தாது. இந்தக் கலையின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி 15 வயது வரை வெள்ளை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மட்டும்தான். பச்சைக்கே 13 வயது வேண்டும். 16-இல்தான் நீலம். பிறகு பொதுவாக நீலத்தில் 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் 1 என்பது குறைந்தபட்சக் கணக்கு. கறுப்புக்குக் குறைந்தது 19 வயது. நடைமுறையில் பத்து ஆண்டு சாதாரணம். சில மாதங்களுக்கு ஒருமுறை கிடைப்பது பெல்ட் நுனியில் ஒட்டும் டேப் பட்டை. பொதுவாக ஒரு நிறத்துக்கு நான்கு வரை. பெற்றோர் அதைப் புது பெல்ட் என்று நினைத்துவிடக் கூடாது. நம்ம மலை ஈரத்தில் அந்த டேப் சீக்கிரம் கழன்றுவிடும், பெல்ட் நன்றாகக் காய்ந்தபின் ஒட்டச் சொல்லுங்கள்.